டிஜிட்டல் ட்வின் (சென்சார் அளவுகளை வைத்துக் கப்பல் உடலின் நிலையைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாடல்) உள்ள கப்பலில் வேலை பார்த்தவர்கள் உண்டா?

செகண்ட்மேட்:
தென்மேற்குப் பருவக்காற்று சமயம், அரபிக்கடல், கன்டெய்னர் கப்பல். என் வாட்ச் பணி நேரத்தில் கப்பலின் முன்பக்கம் ஓர் அலையில் ஓங்கி அடித்தது. அப்புறம் கப்பல் முழுக்க உதறல். விப்பிங்தான், உங்களுக்குத் தெரியாததா! ட்வின் திரையில் நடுக்கப்பலின் அடித்தட்டு சிவப்பாகிவிட்டது. கேப்டன் வந்து பார்த்தார். "அங்கே சென்சார் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. தகடு இழுபடுவதை அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் எல்லாம் மேல்தளத்தில். கீழே காட்டுவது மாடல் போட்ட கணக்கு. ஆனாலும் வேகத்தைக் குறைத்து, திசையையும் கொஞ்சம் மாற்றினார். சிவப்பு மஞ்சளானது. அடித்தட்டில் நிஜமாகவே ஏதாவது ஆனதா? கம்பெனிக்கு எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

டேங்க்_டார்ச்:
எனக்கு நேர்மாறு. பழைய டேங்கர், ட்வினில் எல்லாமே பச்சை. பல்லாஸ்ட் டேங்கில் (கப்பலை நிலையாக வைக்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) இறங்கி டார்ச் அடித்தால் ஒரு பிராக்கெட் (தாங்குதகடு) ஓரத்தில் துரு ஒழுகிய கோடு. சுரண்டிப் பார்த்தேன், விரிசலில் நகம் மாட்டியது. கூட வந்தவர் லேப்டாப்பை நீட்டி, "இதுல காட்டலையே சார்" என்கிறார்! கப்பல் கட்டியபோது இருந்த தகட்டுக் கனத்தையே அந்த மாடல் இன்னும் வைத்திருந்தது. இதையெல்லாம் நம்பி டேங்கில் இறங்காமல் இருக்க முடியுமா?

ஓய்வுபெற்ற_சீஃப்:
டார்ச் தம்பி, அது ட்வினின் குற்றமில்லை. தடிமன் அளந்த கணக்கை ஏற்றாதவர்கள் குற்றம். மேல்தளத்தில் கேஜ் இருந்தால் போதும் என்றுதான் நானும் பல காலம் கேட்டுப் பழகினேன். ஆனால் 2013 ஜூன் 17 அன்று ஏமனுக்கு அப்பால் நடுவில் முறிந்த எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பலில் முறிவு தொடங்கியது அடித்தட்டில். ஐந்து வயதுகூட ஆகாத கப்பல்! அதன் சகோதரக் கப்பல்களிலும் அடித்தட்டு நெளிந்திருந்ததைப் பிறகு கண்டார்கள். ஆக, சென்சார் இல்லாத இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டத்தானே ட்வின்? துறைமுகத்தை விடும் முன், சரக்கு எடையை வைத்துக் கணக்கிடும் லோடிங் கம்ப்யூட்டர் சொல்லும் வளைவு விசையையும் ட்வின் சொல்வதையும் ஒப்பிடுங்கள். வெயிலில் தளம் விரிந்தாலே கேஜ் அளவு நகரும், அதனால் அலையில்லாத இடத்தில் பூஜ்யம் சரிபாருங்கள். சரக்கு எடையில் பொய் இருந்தால் மாடலும் பொய்தான். கப்பலை நீரில்லாத தளத்தில் நிறுத்திப் பழுது பார்க்கும் ஒவ்வொரு டிரை டாக்கிலும்...

செகண்ட்மேட்:
சீஃப் சார், நான் ஆலோசனை கேட்கவில்லையே. அந்தக் கப்பலை விட்டு நான் இறங்கிவிட்டேன். அது டிரை டாக் போனபோது அங்கே இருந்தவர் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், பெயர் சொல்கிறேன்.