தமிழ்ப் பெயரை ரீஜெக்ஸ் ஏற்க மாட்டேன் என்கிறது, எங்கே பிழை?

கேள்வி (ஹட்டன்):
அம்மா வேலை செய்யும் தோட்டத்தில் கொழுந்து நிறுவையை இன்னும் கொப்பியில்தான் எழுதுகிறார்கள், அதைக் கணினியில் ஏற்றலாமே என்று பைதான் நிரல்மொழியில் சின்னதாக ஒன்று எழுதுகிறேன். பெயர்ப் பெட்டியில் தமிழ் மட்டும் விழ வேண்டும் என்று ரீஜெக்ஸில் (எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் விதி) ^[அ-ஹ]+$, அதாவது அ முதல் ஹ வரை மட்டும், என்று போட்டேன். செல்வி பிழை, முத்துலெட்சுமி பிழை, மலர் பிழை. அவசரத்தில் புள்ளியை விட்டு 'மலர' என்று அடித்தேன், அது மட்டும் சரியாம்! இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் (கண்டி):
பின்சாய்கோடும் டபிள்யூவும் (\w) போட்டுப் பாருங்கள், எந்த மொழி எழுத்தும் அதில் அடங்கும்.

கேட்டவர்:
போட்டேன் அண்ணா. செல்வியில் 'ச'வை மட்டும் பிடித்துவிட்டு நின்றுவிட்டது.

பதில் (பதுளை):
நிற்கத்தான் செய்யும். தங்கச்சி, அந்த 'மலர'விலேயே விடை இருக்கிறது. யூனிகோடில் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறை) 'ர்' ஒரு எழுத்து இல்லை, ர தனி, புள்ளி தனி. 'செ' என்பதும் ச, அப்புறம் கொம்பு. அ-வின் எண் 2949, ஹ-வின் எண் 3001, ஆனால் கால், கொம்பு, புள்ளியெல்லாம் 3006 முதல் 3021 வரை, அதாவது ஹ-வைத் தாண்டி. பைதானின் டபிள்யூவும் இந்தக் குறிகளை எழுத்தாக எண்ணாது. இப்படி எழுதுங்கள்:

^[அ-ஹ][அ-ஹா-் .]*$

நடுவில் 'ஹா' மாதிரித் தெரியும், பயப்பட வேண்டாம், அது ஹ-வில் ஒரு வீச்சு முடிந்து காலில் அடுத்தது தொடங்குவது. திரையில் பார்க்க அசிங்கம்தான். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் 'மு. செல்வி' மாதிரி தலைப்பெழுத்துக்காக. முதல் இடத்தில் குறிகளை விடவில்லை, பெயர் புள்ளியில் தொடங்காதே. சிலர் யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதையும் கொடுக்கச் சொல்வார்கள், கொடுத்தால் ௧, ௨ என்ற தமிழ் இலக்கங்கள் எல்லாம் பெயருக்குள் வந்து உட்காரும்.

கேட்டவர்:
வேலை செய்கிறது! ஆனால் ஃபாத்திமா வெளியே நிற்கிறார். முத்துலெட்சுமியும் நான் வைத்த 12 எழுத்து எல்லையில் மாட்டிக்கொண்டார், எண்ணிப் பார்த்தால் ஏழுதானே?

பதில் (பதுளை):
ஐயோ, ஆய்தம் என் பிழை. அது 2947, அ-வுக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அ-ஹ என்பதை ஃ-ஹ ஆக்குங்கள். முத்துலெட்சுமி நமக்கு ஏழு, பைதானுக்கு 14, குறிகளையும் எண்ணும். எல்லையை 60 ஆக்கிவிடுங்கள், தகப்பன் பெயரோடு எழுதுகிறவர்களும் இருப்பார்கள்.