சேவல் ராஜா மாதிரி இருக்கிறான், முட்டையில் பாதி கூமுட்டை: தீனியை மாற்றுவதா, சேவலை மாற்றுவதா?

கேள்வி:
வணக்கம். பாரம்பரிய இனக் கோழி வளர்க்கிறேன், கனத்த இனம். 14 பெட்டைக்கு ஒரே சேவல். அவனுக்கு மூன்று வயது, நல்ல எடை, கழுத்து இறகெல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால் இந்த முறை இன்குபேட்டரில் 24 முட்டை வைத்து ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் 11 முட்டையில் ஒன்றுமே இல்லை, நரம்பு ஓடவில்லை, வைத்த மாதிரியே தெளிவாக இருக்கின்றன. போன வருடம் இப்படி இல்லை. எல்லாருக்கும் ஒரே முட்டைக்கோழித் தீவனம்தான், சாயங்காலம் மக்காச்சோளம் தாராளமாகவே போடுவேன். இவனுடைய பிள்ளைகளில் ஆறு மாத இளஞ்சேவல் நான்கு இருக்கின்றன. அதில் பெரியதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடலாமா, இல்லை தீனியை மாற்றினால் இவனே தேறுவானா?

பதில் 1:
தம்பி, முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அது ஓடு போடுகிற பெட்டைக்கான கணக்கு. சேவலுக்கு 1 சதவீதமே போதும், மிச்சத்தை அவன் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும், வருடக்கணக்கில் போனால் அது கெடும். எல்லாருக்கும் 16 சதவீதப் புரதமுள்ள வளர்கோழித் தீவனம் வைத்துவிட்டு, கிளிஞ்சலை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய பெட்டை கொத்திக்கொள்ளும்.

ஆனால் 11 கூமுட்டைக்கும் கால்சியத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருட்டின பிறகு அவனைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு, மக்காச்சோளத்தை நிறுத்துங்கள். கத்தி முனை மாதிரி குத்தினால் பட்டினி. நல்ல சேவல் கிடைத்ததையெல்லாம் கொக்கொக்கென்று கூப்பிட்டுப் பெட்டைக்குக் கொடுத்துவிட்டு, தான் காய்ந்து கிடப்பான். என்னிடம் ஒருவன் அப்படி இளைத்தான். பெட்டைக்கு எட்டாமல் அவன் கழுத்து மட்டத்துக்கு ஒரு டப்பாவைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் உடம்பு வைத்தான். அப்புறம், கனத்த இனத்தில் ஒரு சேவலுக்கு 8, 10 பெட்டை போதும், 14 அதிகம்.

பதில் 2:
பெரியதை வைத்துக்கொள்வது என்ற யோசனையை முதலில் விடுங்கள். நானும் மூன்று தலைமுறை அப்படித்தான் பொறுக்கினேன், பெட்டைகள் கொழுகொழுவென்று வந்தன, முட்டைதான் குறைந்தது. ஒரு பெட்டைக்குஞ்சுக்கு இருக்கும் ஒரே இசட் குரோமோசோம், அதாவது குணங்களைச் சுமந்து வரும் மரபு இழை, அப்பனிடமிருந்து வருகிறது, அம்மா கொடுப்பது டபிள்யூ. சேவல் முட்டை இடாது, ஆனால் முட்டையை அவன் சுமந்துகொண்டுதான் திரிகிறான். அதனால் சேவலைப் பார்க்காதீர்கள், அவன் அம்மாவைப் பாருங்கள், எந்தப் பெட்டை விடாமல் இட்டதோ அதன் மகனை எடுங்கள். நான்கையும் கையில் எடுத்து, விரல் கோணலா, அலகு ஒட்டி மூடுகிறதா, வால் ஒரு பக்கம் சாய்கிறதா, நெஞ்செலும்பு நேரா என்று பாருங்கள். குணமும் முக்கியம், ஆள் மேல் பாய்கிறவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்னிடம் தங்குவதில்லை.

பதில் 3:
மேலே சொன்னது சரி, ஆனால் அவசரப்பட்டு எதையும் கழிக்காதீர்கள், ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள். ஒருவன் செத்தால் அந்த வருடமே போச்சு. அந்த மகன்களை அவர்களுடைய அக்கா தங்கைகளோடு விடாமல், வேறு வழி வந்த பெட்டைகளோடு விடுங்கள். சேவலை மாற்றினால் மூன்று வாரம் கழித்துத்தான் அடைக்கு முட்டை சேருங்கள், பழையவனின் விந்து பெட்டைக்குள் அவ்வளவு நாள் உயிரோடு இருக்கும். தீனி மாற்றினாலும் மறுநாளே பலன் தெரியாது, ஒரு மாதம் விடுங்கள். நடுவில் முட்டையை உடைத்து மஞ்சள்கரு மேலே பாருங்கள், வளையம் போட்ட வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கரு கூடியிருக்கிறது, வெறும் ஒழுங்கில்லாத திட்டு என்றால் இல்லை.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன், நெஞ்செலும்பு தட்டுப்படவே இல்லை, அண்ணா சொன்ன கொழுப்புதான். ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டது. வலது பாதத்தின் அடியில் கருப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீங்கிச் சூடாக இருக்கிறது, அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறான். இந்தக் காலை வைத்துக்கொண்டு பெட்டை முதுகில் எப்படி நிற்பான்? பகலில் நொண்டியதாக எனக்குத் தெரியவே இல்லை.

பதில் 1:
அதுதான் தம்பி விஷயம். அந்த உடம்போடு உயரமான கட்டையிலிருந்து தினமும் குதித்தால் பாதம் அப்படித்தான் ஆகும். கட்டையை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், கீழே வைக்கோல் கனமாகப் பரப்புங்கள். வீக்கம் சூடாக இருக்கிறது என்கிறீர்கள், நீங்களே பிளேடு வைத்துக் கீறாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
கட்டையை இறக்கிவிட்டேன், நாளைக்கு மருத்துவரிடம் போகிறேன். நான்கு பேரையும் கையில் எடுத்துப் பார்த்தாயிற்று. அதிகம் இடுகிற பெட்டையின் மகன்தான் இருப்பதிலேயே சின்னவன், விரல், வால் எல்லாம் நேராக இருக்கின்றன. அவனையும் இன்னொருவனையும் வைத்துக்கொள்கிறேன். பெரியவன் கூட்டைத் திறந்ததும் என் முழங்காலில் பாய்ந்தான், அவன் கணக்கு முடிந்தது.