பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: எப்படித் தொடங்குவது?

அலைவாய்க்கரை:
எல்லோருக்கும் தோத்திரம். பத்துப் பதினைந்து வருடமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யாத கத்தோலிக்கர் ஒருவர் இந்தத் தவக்காலத்தில் திரும்பி வர நினைக்கிறார். எங்கே ஆரம்பிப்பது? இத்தனை வருடப் பாவம் எல்லாம் ஞாபகம் இருக்காதே. மனஸ்தாப மந்திரமும் (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் ஜெபம்) மறந்துவிட்டது. பங்குச் சாமியாருக்கு ஆளைத் தெரியும் என்பதால் கூச்சம் வேறு. இவ்வளவு நாள் கழித்தும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா? பிரசங்கம் வேண்டாம், வழிமுறை சொல்லுங்கள்.

ஞானோபதேச வகுப்பு:
கடைசிக் கேள்விக்கு எசேக்கியேல் 33:11 போதும். தீயவர் சாவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, அவர் தம் வழியை விட்டுத் திரும்பி வாழ்வதே என் விருப்பம் என்கிறார் ஆண்டவர். இதற்கு அவர் கெடு எதுவும் வைக்கவில்லை. மற்றதெல்லாம் நம் பக்கத்து வேலை.

பழைய ஞானோபதேசத்தில் ஐந்து காரியம் சொல்வார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவங்களைச் சொல்வது, அபராதம் (குருவானவர் விதிக்கும் பரிகாரம்) தீர்ப்பது. பலரும் தடுக்கி விழுவது முதல் படியில்தான். பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டொரு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும். தாளை உள்ளே கொண்டுபோகலாம், முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சாவான பாவம் (தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவம்) என்றால் எந்த வகை, எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும் (திருச்சபைச் சட்டம் 988). துல்லியமான எண் தெரியாவிட்டால் 'நாலைந்து வருடம், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை' என்ற அளவில் சொன்னால் போதும். முயன்றும் நினைவுக்கு வராதது சேர்ந்தே மன்னிக்கப்படுகிறது. பிறகு ஞாபகம் வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெட்கப்பட்டு ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால், சொன்ன மற்றவையும் செல்லாது. அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லும் விதத்தில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, 'எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன் சாமி' என்று மொத்தமாகப் போட்டு மூடுவது. இன்னொன்று, மாமியார் பாவம், பங்காளி பாவம் என்று ஊரார் கணக்கை ஒப்பிப்பது. உங்களுடையதை மட்டும், கதை இல்லாமல் சொல்லுங்கள்.

மந்திரம் மறந்தது பெரிய விஷயமில்லை. உள்ளே போனதும் 'சாமி, பதினைந்து வருடம் ஆகிறது, முறை மறந்துவிட்டது' என்று சொல்லிவிடுங்கள், அவரே கேட்டுக் கேட்டு நடத்துவார். மனஸ்தாபத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லலாம். நரகத்துக்குப் பயந்து வருகிற துக்கம்கூட இந்த அருட்சாதனத்துக்குப் போதும் என்பது திருச்சபையின் போதனை.

வேறு கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். வேளாங்கண்ணி மாதிரித் திருத்தலங்களில் யாருக்கும் உங்களைத் தெரியாது. கிராதித் தடுப்புக்குப் பின்னால் முகம் காட்டாமல் சொல்லும் உரிமையும் உண்டு. கேட்டதை வெளியே சொல்லும் குருவானவர் அந்தக் கணமே சபை நீக்கத்துக்கு உள்ளாகிறார், யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் பாவசங்கீர்த்தனம் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் வரிசை நீளம், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. பல வருடக் கணக்கோடு போகிறவர் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குவது நல்லது.

கோயில் கல்யாணம் இல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் மட்டும் நடந்திருந்தால் முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அதைச் சரிசெய்யாமல் பாவமன்னிப்புத் தருவதில் சிக்கல் வரும். கருக்கலைப்புக்கு ஆயரிடம் போக வேண்டுமோ என்று இன்றும் சிலர் பயப்படுகிறார்கள். 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அதை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்.

சி.எஸ்.ஐ. வாசகன்:
எங்கள் தென்னிந்தியத் திருச்சபைப் (சி.எஸ்.ஐ.) பக்கம் குருவானவரிடம் தனியாகச் சொல்வது கட்டாயமில்லை. திருவிருந்து ஆராதனையில் சபையாக எழுந்து பாவ அறிக்கை செய்கிறோம், பாவங்களை அறிக்கையிட்டால் ஆண்டவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9-ஐப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் 'பொதுவாகச் சொல்லித் தப்பிப்பது' இங்கே இன்னும் சுலபம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அறிக்கைக்கு முன் மௌனம் விடுவதே ஒவ்வொருவரும் தன்னுடையதைப் பேர் சொல்லி நினைப்பதற்குத்தான்.

ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டிருந்தீர்கள். லூக்கா 15-இல் வரும் ஊதாரி மகன் கதையை வரி வரியாகப் படியுங்கள். 19-ஆம் வசனத்தில் 'கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்று இளைய மகன் ஒத்திகை பார்க்கிறான். 21-இல் தகப்பன் முன்னால் நின்று பேசும்போது அந்த வரி வரவே இல்லை. அதற்குள் தகப்பன் அங்கி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

அலைவாய்க்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொன்று: சீட்டு நடத்தி ஊர்ப் பணத்தை ஏமாற்றியிருந்தால், அபராதமாகச் சொன்ன ஜெபத்தைச் செய்ததும் அது தீர்ந்துவிடுமா?

ஞானோபதேச வகுப்பு:
தீராது. பாவம் மன்னிக்கப்படும், கடன் நிற்கும். வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னார் (லூக்கா 19:8). மோசேயின் சட்டம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது (எண்ணிக்கை 5:7). இன்றைக்குக் குறைந்தபட்சம் முழு முதலாவது போய்ச் சேர வேண்டும். உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்கு, யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க வழி வேண்டுமென்றால் குருவானவரிடமே யோசனை கேட்கலாம்.

பலர் செய்வது, பெரிய நோட்டாகக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவது. பணம் கொடுத்த அக்கா அடுத்த தெருவில் இருக்கும்போது அந்தக் கணக்கு உண்டியலில் அடையாது. மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை வரை பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கொடுத்தே தீருவேன் என்ற தீர்மானத்தோடு இந்தச் சனிக்கிழமையே போகலாம்.