திருச்சி – யாழ்ப்பாணம்: காற்றில் உண்மையில் எவ்வளவு நேரம்?

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போகிறேன், திருச்சியிலிருந்து நேர் விமானத்தில். வரைபடத்தில் அளந்தால் பலாலி விமான நிலையம் வரை நேர்க்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான் வருகிறது. கிட்டத்தட்ட இங்கிருந்து கோவைக்கு உள்ள தூரம். ஆனால் பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் அந்தக் குழப்பமும் இல்லை.

ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம்தான் இது, மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்தக் கணக்கில் அரை மணிகூட ஆகாதே என்று பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் சேர்ந்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சுற்றி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

அம்மாவுக்குக் காதுதான் பிரச்சினை. போன தடவை சென்னையில் இறங்கும்போது முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயில் போட்ட புளிப்பு மிட்டாயைக்கூட மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: சக்கரம் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொடும் வரை எத்தனை நிமிடம்? இறங்கும்போது காது ரொம்ப அடைக்குமா? பலாலியில் சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்குமா? அங்கிருந்து நல்லூர் போக ஆட்டோ நல்லதா, முன்கூட்டியே வண்டி சொல்லிவிடலாமா?