தெரு போட்டோகிராபியை வாழ்க்கை பூரா விடாம எடுத்தவங்க எப்படி ஆரம்பிச்சாங்க?

கேள்வி:
கொஞ்ச நாளா தெருவுல போட்டோ எடுத்துட்டு இருக்கேன். ஆரம்பத்துல இருந்த வேகம் இப்ப இல்ல, அதே தெரு அதே வெளிச்சம்னு சலிப்பு தட்டுது. கேமரா மாத்தினா சரியாகுமா? நியூயார்க் தெருக்களைப் படம் புடிச்ச சால் லைட்டர் மாதிரி ஆளுங்கல்லாம் எப்படி இதுக்குள்ள வந்தாங்க, எப்படி கடைசி வரைக்கும் விடாம எடுத்தாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
லைட்டர் கதையிலயே உங்களுக்கு பாதி பதில் இருக்கு. 1923ல பிட்ஸ்பர்க்ல பொறந்தவர், அப்பா பெரிய யூத மத அறிஞர், பையனையும் அந்த வழியிலயே படிக்க வச்சார், இவர் 1946ல அதை விட்டுட்டு பெயின்டர் ஆகணும்னு நியூயார்க் கெளம்பிட்டார். சின்ன வயசுலயே அம்மா ஒரு டெட்ரோலா கேமரா வாங்கிக் குடுத்திருந்தாங்க, ஆனா சீரியஸா எறங்கினது நியூயார்க் போனப்புறம்தான். 1948லயே கலர் எடுக்க ஆரம்பிச்சுட்டார், கலர்னா விளம்பரத்துக்குத்தான்னு பலபேர் ஒதுக்கி வச்சிருந்த காலம் அது. 1950கள்லேர்ந்து 2013ல சாகற வரைக்கும் நியூயார்க்ல ஈஸ்ட் வில்லேஜ்ங்கற பகுதியிலதான் வீடு, எடுத்ததுல பெரும்பகுதி வீட்டைச் சுத்தி இருந்த தெருங்கதான். ஆவி படிஞ்ச கண்ணாடி, அதுக்குப் பின்னால ஒரு ஆளு மங்கலா, ஃப்ரேம் ஓரத்துல செவப்பு குடை, அவ்ளோதான் படம். அந்த ஆரம்பகால கலர் படங்கள் புத்தகமா வந்தப்ப வருஷம் 2006, அவருக்கு 80 தாண்டிருச்சு. அதே தெருவுலயே அத்தனை வருஷம் எடுத்திருக்கார், அதனால சலிப்புக்கு தெரு காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

பதில் 2:
விவியன் மேயரை விட்டுட்டீங்களே! 1950 வாக்குல பிரான்ஸ்ல சாதாரண பாக்ஸ் கேமரால ஆரம்பிச்சவங்க, அப்புறம்தான் ரோலிஃப்ளெக்ஸ்ங்கற கேமரா. 1956லேர்ந்து சிகாகோ, குழந்தைங்களைப் பாத்துக்கற வேலை, அந்தப் பசங்களையும் கூட்டிட்டு நடந்துகிட்டே எடுத்திருக்காங்க. ரோலிஃப்ளெக்ஸ்ல குனிஞ்சு மேலேர்ந்து பாக்கணும், படம் இடம் வலமா மாறித் தெரியும், எதிர்ல நிக்கறவருக்கு நம்மள மொறைச்சுப் பாக்கறாங்கன்னே தோணாது, அந்த முகங்கள் அவ்ளோ இயல்பா இருக்கறதுல இதுக்கும் பங்கு இருக்கு. அவங்க வாடகை கட்டாத லாக்கர்ல இருந்த படங்க 2007ல ஏலத்துக்கு வந்துதான் விஷயமே வெளில தெரிஞ்சுது, ஒரு லட்சத்துக்கு மேல படங்க. 2009ல இறந்துட்டாங்க, தன் பேரு பரவினதைப் பாக்கவே இல்ல.

பதில் 3:
மேயர் படங்க எனக்கும் உயிரு, ஆனா ஒண்ணு சொல்லணும், ஏகப்பட்ட ஃபிலிம் ரோலை அவங்க கழுவவே (டெவலப் பண்ணவே) இல்ல, இன்னொரு தெரு போட்டோகிராபர் கேரி வினோகிராண்டும் 1984ல சாகும்போது 2500 ரோல் கிட்ட டெவலப் பண்ணாம விட்டுட்டுப் போனார். அதைப் பாத்து நாமளும் எடுத்துக் குவிச்சுட்டே இருக்கக் கூடாதுங்க, எடுத்ததை உக்காந்து பாத்தாதான் அடுத்த தடவை கண்ணு எங்க போகணும்னு புரியும். கேமரா மாத்த வேணாம். ஃபுல் ஃப்ரேம்ல (35 எம்எம் ஃபிலிம் அளவுக்கே சென்சார் இருக்கற கேமரா) 35 எம்எம் லென்ஸ் இருந்தா லென்ஸ் துளையை எஃப் 8ல வச்சு ஃபோகஸை மூணு மீட்டர்ல நிறுத்திடுங்க, சுமார் ரெண்டுலேர்ந்து ஏழு மீட்டர் வரைக்கும் ஷார்ப்பா வந்துடும், ஃபோகஸ் பத்தி யோசிக்காம ஆளுங்களை மட்டும் பாக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். என்கிட்ட 35 இருக்கு. சாயங்காலம் வெளிச்சம் கொறைஞ்சா எஃப் 8 தாங்குமா?

பதில் 3:
ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டற உணர்திறன்) 3200 வரைக்கும் தயங்காம ஏத்துங்க, ஷட்டர் வேகம் மட்டும் 1/250 செகண்டுக்கு கீழ எறங்காம பாத்துக்கங்க. அப்பவும் பத்தலன்னா துளையைப் பெருசாக்கி எஃப் 4க்கு வாங்க, ஆனா ஷார்ப்பா இருக்கற தூரம் சுருங்கிடும், அதனால ஆளு சரியா மூணு மீட்டர் கிட்ட வரட்டும்னு காத்திருந்து எடுங்க.