ஆற்றுப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது, தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பு ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையின் கிதுல்கலையில் நடந்த படகு வழிகாட்டிகள் பயிற்சிக்கு நம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து பதினெட்டுப் பிள்ளைகள் போனார்கள், பதினெட்டுப் பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளும் காற்று அடித்த அடியில் இங்கே அம்மாமார் யாரும் சரியாகத் தூங்கவில்லை. லீவில் வந்த நான் பிள்ளைகளோடு கரையிலேயே நின்றேன். அதனால் நன்றி சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

நம் மலைத் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். காசல்ரீப் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் மவுசாக்கலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலி ஓயாவும் கூடித்தான் களனி கங்கை. கிதுல்கலையில் ஆற்றின் இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்கிறது. ஆடி மாதத்துக் காற்றுக்கும் அதே இடுக்குத்தான் வழி. இரண்டு நாளாக மழை விட்டிருந்தது, காற்று மட்டும் விடவில்லை.

முதல் நாள் காலையில் எட்டு மணி இருக்கும். காற்று நிரப்பிக் கரையில் வைத்திருந்த ரப்பர் படகு ஒன்று, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் எழும்பி, தலைகீழாகப் புரண்டு, மணலில் உருண்டு ஓடியது. சாதாரணமாக நான்கு பேர் தூக்கும் படகு அது. பயிற்சியாளர் கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. பார்க்க வந்திருந்த மேல் லயத்து (வரிசை வீடுகள்) மாமிதான் முதலில் ஓடிப்போய்ப் பக்கக் கயிற்றைப் பிடித்தார். பிறகு நாங்கள் பிடித்தோம். அன்று முழுவதும் வெறும் படகுக்குள் எப்போதும் இரண்டு பேர் பாரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்து பறிக்கிற கை அது மாமி, அந்தப் பிடிக்கு முதல் நன்றி.

கிதுல்கலையின் மூத்த வழிகாட்டிகளுக்கு அடுத்தது. பிழைப்பு நாளை விட்டுவிட்டு வந்தார்கள், ஒரு சதம் வாங்கவில்லை. நம் பிள்ளைகளை 'மல்லி, மல்லி' (சிங்களத்தில் தம்பி) என்றே கூப்பிட்டார்கள். சிங்களத்தில் சொன்னதை நம் பாடசாலை டீச்சர் வரிக்கு வரி தமிழில் சொன்னார், இரண்டாம் நாள் குரலே போய்விட்டது. டீச்சருக்கும் பெரிய நன்றி.

வழிகாட்டிகள் சொல்லித் தந்ததில் சிலதை இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் எந்த நாட்டில் எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் தண்ணீர் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. நாமெல்லாம் ஓயாவில் குளித்து வளர்ந்தவர்கள், கால் தரையைத் தட்டினால் நிற்கத்தான் பழகியிருக்கிறோம். வேகத் தண்ணீரில் பாதம் கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் ஞாபகம் வந்தார். நன்றாக நீந்தத் தெரிந்தவர், இடுப்பளவு தண்ணீரில் போய்விட்டார். அது எப்படி என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் விளங்கவில்லை.

இன்னொன்று. மழையே இல்லாத நாளிலும் இந்த ஆறு ஏறும். மேலே மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும். கரைக் கல்லில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.

தண்ணீரில் விழுந்தவரை இழுக்க எறியும் கயிற்றுப் பை இருக்கிறதே, அதை எறிந்து பழகத்தான் அதிக நேரம் போனது. காய்ந்த பையைக் காற்று பக்கவாட்டில் கொண்டுபோய் எங்கேயோ போட்டது. பையைத் தண்ணீரில் நனைத்துப் பாரம் ஏற்றி, காற்று வரும் பக்கமாகத் தள்ளிக் குறிபார்த்து, ஆளைத் தாண்டி விழும்படி எறி என்றார்கள். அப்போதுதான் கயிறு ஆளின் மேல் குறுக்காக விழும். இருட்டும் வரை எறிந்தார்கள். காற்றில்லாத நாளாக இருந்திருந்தால் பத்து எறியோடு முடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

குரல் எடுபடாததால் எல்லாமே கைச்சாடைதான். துடுப்பை நேராக உயர்த்தினால் வா. குறுக்கே பிடித்தால் நில். உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டினால் எனக்கு ஒன்றுமில்லை, நான் நலம். விசில் ஒருமுறை என்றால் இங்கே பார், மூன்றுமுறை என்றால் ஆபத்து.

சமையல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கரையில் அடுப்பு நிற்கவே இல்லை. கட்டிய தறப்பாள் பகல் சாப்பாட்டுக்கு முன்பே கிழிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா தன் குசினியைத் திறந்துவிட்டு, விறகும் தந்து, நம் அக்காமாரோடு உட்கார்ந்து தேங்காயும் துருவினார். ரொட்டி, கட்டசம்பல், பருப்பு, அப்புறம் நேரத்துக்கு நேரம் இஞ்சி போட்ட பிளேன்டீ. நடுங்கிக்கொண்டு கரையேறிய பிள்ளைகள் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வேலையில் இருந்து இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கிய தோட்டத் தலைவருக்கு நன்றி. டீசல் காசு மட்டும் எடுத்த வேன்கார அண்ணனுக்கும், தறப்பாளோடு மல்லுக்கட்டிய தம்பிமாருக்கும் நன்றி. தங்கள் பெட்டிப் பாரத்தைக் குறைத்து ஹெல்மட் கொண்டுவந்த டோஹா பிள்ளைகளுக்கும், டொராண்டோ, லண்டன் குடும்பங்களுக்கும் நன்றி. கோத்தகிரி, கூடலூர் உறவுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள், இந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்களும் உங்களில் உண்டு. நீங்கள் அனுப்பிய காசில்தான் இரண்டு நாள் சாப்பாடும் நடந்தது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லித்தான் பரிமாறினோம்.

கடைசி ஓட்டத்தில் படகு வேண்டுமென்றே கவிழ்க்கப்பட்டது. ஒரு தம்பி தள்ளிப்போய், பாறைக்குப் பின்னால் மறைந்து, கீழே வந்து தலையைத் தூக்கினான். அவனுடைய அம்மா கரையில் நின்று கூப்பிடவில்லை. தன் உச்சந்தலையில் தட்டிக் காட்டினார். அவனும் தண்ணீரில் இருந்தபடியே தட்டினான்.

ஹெல்மட்டும் லைஃப் ஜாக்கட்டும் காயவைத்துக் கோயில் மடத்தில் பூட்டியிருக்கிறோம். விசில்தான் போதவில்லை. உள்ளே குண்டு இருக்கிற விசில் தண்ணீர் பட்டால் அடைத்துக்கொள்கிறது, குண்டில்லாதது வேண்டும். தீபாவளிக்கு வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கொண்டுவந்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும்.