பிரசவம் ஆரணியில், நான் வேலூரில்: குழந்தை என்னோடு ஒட்ட நான் என்ன செய்ய வேண்டும்?

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம், முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு ஆரணிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணமங்கலம் வழியாக பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுகிறேன்.

அவளுக்கு டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், அவள் அம்மா சொல்கிறார். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்கேனுக்குக் கூடப் போனாலும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கேட்டால் "ஆம்பளைக்கு என்னப்பா வேலை, பணத்தை ரெடி பண்ணு" என்பதுதான் பதில். என் அப்பா நல்ல மனிதர், எங்களுக்காக ராப்பகலாக உழைத்தவர், ஆனால் என்னைத் தூக்கி வைத்திருந்ததாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. தேதி சித்திரைக் கடைசியில் கொடுத்திருக்கிறார்கள். "சித்திரை அப்பன் தெருவிலே", அந்த மாதம் பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று சொல்லி, பதினாறு நாள் கழித்து எண்ணெயில் தெரிகிற குழந்தையின் முகத்தை முதலில் பார்த்த பிறகுதான் நான் குழந்தையைத் தூக்க வேண்டும் என்கிறார் பெரியம்மா. சண்டை போடவும் மனசில்லை, தள்ளி நிற்கவும் மனசில்லை. கழுத்து நிற்காத குழந்தையை நான் இதுவரை தொட்டதே கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

காட்பாடி அண்ணன்:

தம்பி, எனக்கு இரண்டு பிள்ளைகள். முதல் பெண்ணுக்கு நீங்கள் சொல்கிற மாதிரிதான் நடந்தது. வாரம் ஒரு நாள் விருந்தாளி மாதிரி போனேன், "தூங்குது, எழுப்பாதீங்க" என்றார்கள், பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாம் மாதம் காட்பாடிக்கு அழைத்து வந்தபோது நான் கை நீட்டினால் வீறிட்டு அழுவாள், ஏனென்றால் அவளுக்கு நான் யாரோ. அது சரியாக எனக்கு மூன்று மாதம் பிடித்தது, அந்த மூன்று மாதமும் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது பையனுக்கு ஒரு முடிவு எடுத்தேன். போகிற நாளில் ஒரு வேலை என்னுடையது, அதை வேறு யாரும் செய்யக் கூடாது. பால் குடித்து முடித்ததும் ஏப்பம் எடுக்க வைப்பது என் வேலை. தோளில் ஒரு துணியைப் போட்டு, குழந்தையின் தாடை தோள் மேல் வரும்படி நிமிர்த்திப் பிடித்து, ஒரு கை பிட்டத்தில், ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் சேர்த்து, மெதுவாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை என் கை நடுங்கியது. மாமியார் வாங்க வந்தார், "இல்லைங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். நாலாவது வாரம் அவரே "அவன் அப்பாகிட்ட குடு" என்று சொல்ல ஆரம்பித்தார். பாசம் தானாக வந்து நம்மேல் இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். கையால் வேலை செய்யச் செய்யத்தான் எனக்கு வந்தது.

இப்போதே ஒன்று செய்யலாம். ஏழாம் மாதத்துக்கு மேல் வயிற்றுக் குழந்தைக்குக் காது கேட்கும். தினமும் ராத்திரி போனில் ஸ்பீக்கர் போடச் சொல்லி, அன்றைக்கு என்ன நடந்தது என்று பேசுங்கள். என்ன பேசினோம் என்பது முக்கியமில்லை, உங்கள் குரல் பழகட்டும்.

வார்டு அக்கா:

வேலூரில் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மைதான், எங்கள் பக்கத்துக் குறைதான். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது நீங்களாகவே கேளுங்கள்: குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படித் துடைப்பது என்று எனக்கும் காட்டுங்கள் சிஸ்டர் என்று. கேட்கிற அப்பாவுக்குச் சொல்லித் தராத நர்ஸை நான் பார்த்ததில்லை.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், மார்பில் பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம் அது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்சினால் அதற்கு நீங்கள் நிழல்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பர் மட்டும் போட்ட குழந்தையை வெற்று மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, மூக்கு மூடாமல் முதுகுக்கு மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். கங்காரு முறை என்று சொல்வார்கள், 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கியது. அப்பாவும் செய்யலாம். சிசேரியன் ஆகி அம்மா அசைய முடியாமல் இருக்கும்போது அப்பா மார்பில் குழந்தை அப்படியே அடங்கித் தூங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தால் மட்டும் குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள்.

நீங்கள் தோல் கம்பெனி என்பதால் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். ரசாயனமும் சாயமும் பட்ட உடுப்போடு நேரே போய்த் தூக்காதீர்கள். குளித்து, உடுப்பு மாற்றி, கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு தூக்குங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். "தொண்டை காயுது, ஒரு சங்கு தண்ணி ஊத்து" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் தேவையான தண்ணீர் இருக்கிறது. சேனை என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைப்பதும் வேண்டாம், தேன் ஒரு வயது வரை ஆபத்து. இதை உங்கள் மனைவி ஒருத்தியாக நின்று சொல்ல முடியாது, நீங்கள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண்ணெயில் முகம் பார்ப்பது அரை நிமிட வேலை. பெரியவர்கள் மனசுக்காகப் பிறந்த அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பதினாறு நாள் தள்ளி நிற்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குடியாத்தம் மருமகள்:

அண்ணா, நான் பெற்றவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பச்சை உடம்போடு படுத்திருந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள். நான் காரணமே இல்லாமல் அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து "ஏன் அழற, எல்லாம்தான் நல்லா இருக்கே" என்றார். அதற்குப் பதில் பாப்பாவை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு என்னைத் தூங்கவிட்டிருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் லீவு. மத்திய அரசு வேலையில் அப்பாவுக்கு 15 நாள் உண்டு, தனியார் கம்பெனிக்கு அப்படிக் கட்டாயச் சட்டம் இல்லை. இருக்கிற சி.எல்லை எல்லாம் பிரசவத்தன்றே தீர்த்துவிடாதீர்கள். அங்கே கவனிக்க ஆள் இருக்கும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ வேலூருக்கு அழைத்து வருகிற வாரம்தான் நாங்கள் தனியாகத் திண்டாடுவோம், அதற்குப் பாதியாவது எடுத்து வையுங்கள்.

காட்பாடி அண்ணன்:

தங்கச்சி சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். ஐந்தாம் மாதத்துக்காகக் காத்திருந்து கெட்டவன் நான். முதல் வாரம் குறைந்தது மூன்று நாளாவது ஆரணியிலேயே ராத்திரி தங்குங்கள் தம்பி. ராத்திரி அழுகையை ஒரு தடவை தாங்கிவிட்டால் மற்றது எல்லாம் பழகிவிடும். என்ன செய்தும் குழந்தை அழுகையை நிறுத்தாமல், உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், அதைப் படுக்கையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். குலுக்கவே கூடாது.

சத்துவாச்சாரிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி போனில் பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல் பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுபோன கதையைச் சொன்னேன். நடுவில் "உதைக்குதுங்க" என்றாள் மனைவி. மாமனாரிடம் மூன்று ராத்திரி தங்குவதாகச் சொன்னேன், தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தருகிறேன் என்றார். பெரியம்மாவிடம் இன்னும் பேசவில்லை, இந்த ஞாயிறு பேசுவேன்.

வார்டு அக்கா:

ரொம்ப சந்தோஷம். போகும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.